ஒரு மாதம், ஒரே வினைச்சொல்: சாயிநாதபுரத்து மாலை ஆங்கில வகுப்பு

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. மணி ஒன்பதரை. வெளியே விடாத மழை. வேலூர் காந்தி ரோட்டுக்குப் பக்கத்தில் நான் ரிசப்ஷன் பார்க்கும் லாட்ஜுக்கு ஷில்லாங்கிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அந்த ஐயாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகவேண்டியிருந்தது. வாசலிலிருந்து மேசைக்கு வருவதற்குள் ரெண்டு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “கேன் யூ புட் அஸ் அப் டில் ஃப்ரைடே?”

என் காதில் நின்றது அந்த ‘அப்’ மட்டும்தான். மாடியில் அறை கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மாடி முழுக்க ஆள் இருந்தது. “நோ மேடம், அப் ஃபுல்” என்றேன். அவர் கணவரை ஒரு பார்வை பார்த்தார். “தேங்க் யூ” என்று சொல்லிவிட்டுக் குடையை மறுபடியும் விரித்தார். ரெண்டு பேரும் மழையில் படியிறங்கிப் போனார்கள். அந்த நேரத்தில் கீழ்த்தளத்தில் ரெண்டு அறை காலியாக இருந்தது. முட்டிவலிக்காரருக்கு அதைவிடத் தோதான அறை அந்தத் தெருவில் கிடைத்திருக்காது.

காலையில் ரூம் பையன் கேட்டான்: “இன்னாண்ணா, கீழ ரெண்டு ரூம் காலியாத்தான கீது, ஏன் அனுப்சிட்ட?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எதிர்த்தாற்போல் இருக்கும் மருந்துக் கடையில் வேலை செய்யும் தம்பியிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லி, என்ன அர்த்தம் என்று கேட்டேன். “தங்க இடம் கொடுப்பீங்களான்னு கேட்டிருக்காங்கண்ணா. ‘புட் அஸ் அப்’னா அதான்” என்றார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லாட்ஜில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிந்திருக்கவேண்டிய முதல் சொல்லே அதுதான். பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அது தெரியவில்லை.

அந்தத் தம்பி சொல்லித்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். ஏழு மாதம் ஆகிறது. வேலூரில் என்னைப்போல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் பழைய அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் வேறு ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், முப்பது நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ் முடித்தேன். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, முடித்தவுடன் சான்றிதழ். கட்டணம் 6,500 ரூபாய். ‘பிரேசல் வெர்ப்’ (வினையோடு சின்னச் சொல் சேர்ந்து வருவது) என்று ஸ்டேப்ளர் அடித்த ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ், ஒன்றுக்கு ஒரு அர்த்தம். மனப்பாடம் செய்து ஒப்பிக்கவேண்டும். அதில் ‘புட் அப் வித்’ இருந்தது, எதிரே ‘பொறுத்துக்கொள்’ என்று போட்டிருந்தது. வெறும் ‘புட் அப்’ இல்லை. அந்தப் பட்டியலை நான் ஒழுங்காகத்தான் படித்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் என்ற எண்ணத்தையும் அதிலிருந்துதான் பிடித்துக்கொண்டேன். அதுதான் அந்த மழை ராத்திரியில் என்னைக் கெடுத்தது.

இந்த வகுப்பு அப்படிக் கிடையாது. சாயிநாதபுரத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. பெயர்ப்பலகை இல்லை. நடத்துபவர் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர். அறுபதைத் தாண்டியவர். எல்லாரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுகிறோம். நாற்பது வயது ஆட்டோக்கார அண்ணனும் ‘மிஸ்’, பத்தாவது படிக்கும் பிள்ளையும் ‘மிஸ்’. திங்கள், புதன், வெள்ளி, மாலை ஏழு மணியிலிருந்து எட்டே கால் வரை. மாதம் 700 ரூபாய். ரெண்டு பெஞ்சு, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பச்சைப் பலகை, ஒரே ஒரு ஃபேன். பதினாலு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.

மிஸ் வைத்திருக்கும் முறை ஒன்றே ஒன்று. ஒரு மாதத்துக்கு ஒரு வினைச்சொல். நான் சேர்ந்தபோது ‘கெட்’ ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் ‘புட்’. எனக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும்.

‘புட்’ மாதத்தின் முதல் வகுப்பில் ஆங்கிலம் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. பலகையில் ‘போடு’ என்று தமிழில் எழுதி, ஆளுக்கு ஒன்று சொல்லச் சொன்னார். சட்டை போடு, சாப்பாடு போடு, கோலம் போடு, பந்தல் போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, பூட்டுப் போடு, ஊசி போடு, குட்டி போடு, கணக்குப் போடு, ஓட்டுப் போடு, தள்ளிப்போடு. நர்சிங் உதவியாளராக வேலை செய்யும் தங்கச்சி ‘கட்டுப் போடு’ என்றார். மெஸ் நடத்தும் அக்கா ‘ஊறுகாய் போடு’ என்றார். பலகை நிறைந்ததும் மிஸ் கேட்டார்: “தமிழ் கத்துக்க வந்த ஒருத்தருக்கு, போடுன்னா ‘கீழே எறி’ன்னு மட்டும் சொல்லிக்கொடுத்தா அவர் கதி என்ன ஆகும்?” எங்களுக்கு உடனே புரிந்தது. ஊசியை யாரும் கீழே எறிவதில்லை, கோலத்தையும் எறிவதில்லை. போடு என்பதன் அர்த்தம் பக்கத்தில் நிற்கும் சொல்லில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து நாம் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், நின்று பார்த்ததில்லை.

அதற்கப்புறம்தான் ‘புட்’ பக்கத்தில் சின்னச் சொல் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. தமிழும் ஆங்கிலமும் இங்கே அப்படியே பொருந்துகின்றன. ‘புட் ஆன்’ என்றால் உடுத்திக்கொள். ‘புட் அவுட்’ என்றால் விளக்கையோ நெருப்பையோ அணை. ‘புட் த்ரூ’ என்றால் போனில் அடுத்தவருக்கு இணைப்புக் கொடு. இதெல்லாம் ஒரு வாரம். மீதி மூன்று வாரமும் ‘புட் அப்’ ஒன்றுக்கே போனது. முதலில் இது அதிகம் என்று எனக்குத் தோன்றியது. இப்போது தோன்றவில்லை.

‘அப்’ என்றால் மேலே என்று நினைப்பதில் தப்பில்லை, ஆனால் அங்கேயே நின்றுவிடக்கூடாது என்றார் மிஸ். படுத்துக் கிடப்பது எழுந்து நின்றால், கண்ணுக்குத் தெரிந்தால், அதுவும் ‘அப்’. கூடாரம் அடித்தால் புட் அப். சுவரில் அலமாரி மாட்டினால் புட் அப். நோட்டீஸ் ஒட்டினாலும், வேலி போட்டாலும், குடையை விரித்தாலும், வகுப்பில் கையைத் தூக்கினாலும், கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டாலும் புட் அப்தான். தேர்தலில் கட்சி ஆளை நிறுத்துவதும் அதே. தமிழிலும் வேட்பாளரை ‘நிறுத்துகிறோம்’ என்றுதானே சொல்கிறோம், வேலியும் வேட்பாளரும் ஒரே வினைக்குக் கீழே வருவதில் ஆச்சரியம் இல்லை என்றார். வீட்டை விற்பனைக்கு வைத்தால் ‘புட் அப் ஃபார் சேல்’. ஒரு காரியத்துக்குப் பணம் கொடுக்க முன்வந்தால் அதுவும் புட் அப். வாடகையை ஏற்றினாலும் புட் அப். பிரிட்டிஷ்காரர்கள் அப்படிச் சொல்வார்கள், அமெரிக்காவில் ‘ரெய்ஸ்’ என்பார்கள்.

மெஸ் அக்கா போட்ட ஊறுகாய்க்கு வருகிறேன். அமெரிக்காவில் பழத்தையும் காயையும் பாட்டிலில் அடைத்துக் கெடாமல் வைப்பதற்கும் ‘புட் அப்’ என்ற பேச்சு உண்டாம். நாம் ஊறுகாய் போடுகிறோம், அவர்களும் ‘புட் அப்’ செய்கிறார்கள். இதைக் கேட்டு அந்த அக்காவுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். அன்றிலிருந்து அவர் வகுப்பில் வாயைத் திறந்து பேச ஆரம்பித்துவிட்டார்.

என் மழை ராத்திரிக் கதையை ரெண்டாவது வாரம்தான் வகுப்பில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மிஸ் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், தங்கவைப்பதற்கு ‘புட் அப்’ எப்படி வந்திருக்கும் என்று விளக்கினார். முன்காலத்து ஆங்கிலத்தில் ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் பத்திரமாக வைப்பதும் புட் அப். வாளை உறையில் போடுவது புட் அப். குதிரையை லாயத்தில் கட்டுவது புட் அப். குதிரையில் வந்தவன் சத்திரத்தில் இறங்குகிறான். குதிரைக்கு லாயம் கிடைக்கிறது, அவனுக்குக் கட்டில் கிடைக்கிறது. ரெண்டுக்கும் ஒரே வினை. “அந்த அம்மா உன்கிட்ட மாடியைக் கேக்கல. மழைக்கு ஒதுங்க ஒரு பத்திரமான இடம் கேட்டாங்க” என்றார். அப்படி ஒரு தரம் சொன்ன பிறகு அந்த அர்த்தம் எனக்கு இனி மறக்காது.

இதோடு சேர்த்து நம் நாட்டு வழக்கு ஒன்றையும் சொன்னார். ‘வேர் ஆர் யூ புட் அப்?’ என்று இந்தியாவில் நிறையப் பேர் கேட்பார்கள். எங்கே தங்கியிருக்கிறீர்கள், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இப்படிக் கேட்பது அபூர்வம். ‘வேர் ஆர் யூ ஸ்டேயிங்?’ என்பார்கள். எங்கள் லாட்ஜ் வரவேற்பறையில் கொல்கத்தாக்காரர்கள் ஒருவரை ஒருவர் இப்படிக் கேட்டுக்கொள்வதை வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். வேலூருக்கு இது முக்கியமான கேள்வி. 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற டாக்டரம்மா ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம்தான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், மேகாலயா, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளியைக் கூட்டிக்கொண்டு காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் வங்காளியில் ‘ரூம் ஆச்சே’ (அறை இருக்கிறது) என்று சொல்ல வரும், இந்தியும் தள்ளிவிடுவோம். வடகிழக்கிலிருந்து வருகிறவர்களோடு பேசத்தான் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. அவர்கள் நல்ல ஆங்கிலம் பேசுவார்கள். நமக்குத்தான் பிடிபடாது.

இலக்கணம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: மிஸ் இலக்கணத்துக்கு இங்கிலீஷ் பெயர் எதுவும் சொல்லமாட்டார். ஒரு அட்டையில் ‘புட்’, இன்னொரு அட்டையில் ‘அப்’, மூன்றாவதில் ‘நோட்டீஸ்’ என்று எழுதி, மூன்று பேர் கையில் கொடுத்து நிற்கவைத்தார். ‘நோட்டீஸ்’ அட்டைக்காரர் நடுவிலும் நிற்கலாம், கடைசியிலும் நிற்கலாம். ‘புட் தி நோட்டீஸ் அப்’ சரி, ‘புட் அப் தி நோட்டீஸ்’ என்பதும் சரி. அப்புறம் நோட்டீஸ்காரரை உட்காரச் சொல்லிவிட்டு, பத்தாவது படிக்கும் பிள்ளை கையில் ‘இட்’ என்ற சின்ன அட்டையைக் கொடுத்தார். “டி.வி.எஸ். ஃபிஃப்டியில மூணு பேர் போறப்ப சின்னப் பிள்ளைய எங்க உட்கார வைப்பீங்க?” என்று கேட்டார். எல்லாரும் “நடுவுல” என்றோம். ‘இட்’, ‘தெம்’, ‘அஸ்’ எல்லாம் சின்னப் பிள்ளைகள். நடுவில்தான் உட்காரவேண்டும், கடைசியில் உட்காரவைத்தால் விழுந்துவிடும். ‘புட் இட் அப்’ சரி, ‘புட் அப் இட்’ தப்பு. அந்த ஷில்லாங் அம்மா ‘புட் அஸ் அப்’ என்று சொன்னபோது ‘அஸ்’ நடுவில்தான் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் ‘புட்’டும் ‘அப்’பும் ஒன்று என்று என் காதுக்குத் தெரியவில்லை. ‘அப்’ தனியாக வந்து விழுந்தது. பிரித்துச் சொன்னாலும் ரெண்டும் சேர்ந்ததுதான் ஒரு வினை என்று காதைப் பழக்கவேண்டும். பட்டியலை மனப்பாடம் செய்தவனுக்கு இது வராது.

‘புட் அப் வித்’ மட்டும் வேறு கதை. மூன்று சொல்லும் கைகோத்து நிற்கும், நடுவில் யாரும் நுழைய முடியாது. சின்னப் பிள்ளையும் கடைசியில்தான். ‘புட் அப் வித் இட்’. பொறுத்துக்கொள் என்றுதான் அர்த்தம், ஆனால் மனதுக்குப் பிடிக்காததை வேறு வழியில்லாமல் சகித்துக்கொள்வதற்குத்தான் அது வரும். அம்மா பிள்ளையைப் பொறுமையாக வளர்ப்பதற்கு இது பொருந்தாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பொருந்தும். இன்னொன்று ‘புட் அப் டு’. ‘ஹூ புட் யூ அப் டு திஸ்?’ என்றால், யார் தூண்டிவிட்டு இதைச் செய்தாய். ‘வித்’தும் ‘டு’வும் மாறினால் பொறுமை போய் வம்பு வந்துவிடும்.

இந்த வகுப்பில் எனக்கு உயிரான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். ‘புட்’ மாதத்தின் கடைசி ஞாயிறு, காலை ஆறரைக்கு எங்களைக் கோட்டைக்கு வரச் சொன்னார். அகழித் தண்ணீருக்கு எதிரே புல்லில் உட்கார்ந்தோம். வெயில் இன்னும் ஏறவில்லை, மதில் கல்லில் ராத்திரிக் குளிர்ச்சி இருந்தது. புத்தகம் இல்லை, பலகை இல்லை. வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியை ‘புட்’ ஒன்றை வைத்தே சொல்லப்போகிறேன், எண்ணிக்கொண்டே வாருங்கள் என்றார்.

1806-ஆம் வருஷம். அதற்கு முந்தின வருஷக் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் புது உத்தரவு வந்தது. நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணியவேண்டும். சிப்பாய்களிடம் அந்தத் தலைப்பாகையை ‘புட் ஆன்’ செய்யச் சொன்னார்கள். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே மறுத்தார்கள். தே வுட் நாட் புட் அப் வித் இட். பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். முதலில் மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10-ஆம் தேதி, விடிவதற்கு முன்னால், இந்த மதிலுக்குள் எழுந்தார்கள். தே புட் அப் எ ஃபைட். எதிர்த்து நின்று சண்டை போட்டார்கள். கோட்டைமேல் மைசூர் சுல்தானின் கொடியை ஏற்றினார்கள். தே புட் அப் தி ஃப்ளாக். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. இட் வாஸ் புட் டவுன், ஒடுக்கிவிட்டார்கள்.

‘டவுன்’ என்று சொன்னபோது மிஸ் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பிப் புல்லின்மேல் மெதுவாக அழுத்தினார். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. தலைப்பாகை போடு, பொறுத்துக்கொள்ளாதே, சண்டை போடு, கொடி ஏற்று, அடங்கிப் போ. ஐந்தும் ஒரே சொல். நான் வேலூரிலேயே வளர்ந்தவன். மக்கான் பக்கத்தில் இருக்கும் அந்தப் புரட்சியின் நினைவுத் தூணைப் பஸ்ஸிலிருந்து ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். அந்தக் காலைக்கு அப்புறம்தான் அங்கே இறங்கி நின்று பார்த்தேன்.

அங்கேயே ஒரு நல்ல கேள்வி வந்தது. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் தம்பி கேட்டார்: “மிஸ், திப்பு சுல்தான் குடும்பத்தை இந்தக் கோட்டையிலதான வெச்சிருந்தாங்க? ‘தே வேர் புட் அப் ஹியர்’னு சொல்லலாமா?” மிஸ் தலையசைக்கவில்லை. விருந்தாளியைத் தங்கவைப்பதுதான் புட் அப், காவலில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லைப் போட்டால் கைதியை விருந்தாளி ஆக்கிவிடுவோம், ‘தே வேர் கெப்ட் ஹியர்’ என்று சொல் என்றார். புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஊரிலிருந்து ஆட்கள் இன்றைக்கு இங்கே வந்து என்னிடம் அறை கேட்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஜலகண்டேஸ்வரர் கோயிலைப் பார்த்துக்கொண்டே ஆட்டோ அண்ணன் ஒரு வாக்கியம் சொன்னார். ரொம்ப காலம் கோட்டைக் கோயிலில் சாமி இல்லாமல் இருந்து, 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள் இல்லையா, அதை ‘புட் பேக்’ என்றார். அர்த்தம் சரிதான், ஆனால் சாமிக்கு அந்தச் சொல் வேண்டாம் என்றார் மிஸ். புட் பேக் என்பது கரண்டியை எடுத்த இடத்தில் வைப்பது. ‘ரீஇன்ஸ்டால்’ என்று சொல். தமிழிலும் சாமியைத் திரும்ப வைத்தார்கள் என்பதைவிடப் பிரதிஷ்டை செய்தார்கள் என்பதுதானே மரியாதை.

இந்த மரியாதை விஷயம் என் வேலைக்கு நேரடியாக உதவியது. தை மாதம் ஓனர் அறை வாடகையை ஐம்பது ரூபாய் ஏற்றினார். நோட்டீஸ் எழுதும் வேலை என்னுடையது. படித்த உற்சாகத்தில் ‘வீ ஹேவ் புட் அப் தி ரென்ட்’ என்று எழுதி மிஸ்ஸிடம் காட்டினேன். வாய்ப்பேச்சுக்கு அது சரி, சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு வேண்டாம் என்று, ‘ரிவைஸ்ட்’ என்று மாற்றிக்கொடுத்தார். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான்: நர்ஸ் வாயால் சொல்லும்போது ‘புட் ஆஃப்’, சீட்டில் எழுதும்போது ‘போஸ்ட்போன்ட்’. நாம் பேச்சில் தள்ளிப்போட்டாச்சு என்போம், அறிவிப்பில் ஒத்திவைக்கப்பட்டுள்ளது என்று எழுதுவோம். அதே வித்தியாசம்தான். பேசும் சொல்லையும் எழுதும் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுப்பவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். முதல் குறை வேகம். மாதத்துக்கு ஒரு வினை என்றால், இன்டர்வியூ அடுத்த வாரம் என்று ஓடிவருகிறவருக்கு இது உதவாது. எங்களோடு சேர்ந்த ஒரு கல்லூரிப் பையன் மூன்றாவது வாரமே நின்றுவிட்டார். அவர் மேல் தப்பு இல்லை, அவருக்கு வேண்டியது வேறு. ரெண்டாவது, கையில் கொடுக்க ஒரு அச்சடித்த தாள்கூடக் கிடையாது. நோட்டில் எழுதிக்கொண்டால்தான் உண்டு. ஷிப்ட் மாறி ஒரு வகுப்பு போய்விட்டால் மற்றவர் நோட்டைக் கெஞ்சி வாங்கவேண்டும். மூன்றாவது, மிஸ்ஸின் உச்சரிப்பு தெளிவாக, நிதானமாக இருக்கும். எங்களிடம் வருகிறவர்கள் அப்படிப் பேசுவதில்லை. மணிப்பூர்க்காரர் பேசுவது ஒரு விதம், டாக்கா பக்கத்துக்காரர் பேசுவது ஒரு விதம். பலவிதக் குரலைப் பதிவுசெய்து கேட்கவைத்தால் வகுப்பு இன்னும் பத்து மடங்கு நன்றாக இருக்கும். இதை மிஸ்ஸிடமே சொன்னேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். அப்புறம் வெயில். சித்திரை, வைகாசியில் அந்தத் திண்ணைச் சுவர் ராத்திரி எட்டு மணிக்கும் அனல் விடும். ஃபேனுக்கு நேர் கீழே நாலு பேர்தான் உட்கார முடியும். சான்றிதழ் கொடுப்பதில்லை, எனக்கு அது குறையாகப் படவில்லை, வேண்டுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

700 ரூபாய்க்கு இது ரொம்ப நியாயம். இங்கே ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தாலும் அந்த 6,500-இல் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகும். அங்கே இருநூறு வினை மனப்பாடம் செய்து மூன்றுகூட வாயில் வரவில்லை. இங்கே ஒன்றைப் படித்தால் அந்த ஒன்றை எங்கே கேட்டாலும் பிடித்துக்கொள்கிறேன். பங்குனியில் குவாஹாட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த மனிதர் கடகடவென்று பேசினார். வேறு இடத்தில் ‘புட் அப்’ செய்திருக்கிறார்களாம், அங்கே தண்ணீர்ப் பிரச்சினையை ‘புட் அப் வித்’ செய்ய முடியவில்லையாம், மகளின் ஸ்கேனை வேறு ‘புட் ஆஃப்’ செய்துவிட்டார்களாம். ஒரே மூச்சில் மூன்றும் வந்தது. மூன்றும் எனக்குத் தனித்தனியாக, தெளிவாகக் கேட்டது. சாவியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவருக்கு அது சாதாரண விஷயம். எனக்கு அப்படி இல்லை.

சேர விரும்புகிறவர்களுக்கு: போன் நம்பரைப் பொதுவில் போடவேண்டாம் என்று மிஸ் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. காட்பாடி – பாகாயம் டவுன் பஸ்ஸில் வந்து சாயிநாதபுரத்தில் இறங்கி, சாயங்காலம் ஆங்கில மிஸ் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். மாதத்தின் முதல் திங்கள்தான் புதிதாகச் சேர்ப்பார். அடுத்த வினை ‘டேக்’. ஆறு ஐம்பதுக்குப் போய்விட்டால் ஃபேனுக்குக் கீழே இடம் கிடைக்கும்.

கோட்டை வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பும்போது மிஸ் என்னை மட்டும் நிறுத்தினார். அந்த ஷில்லாங் அம்மா இப்போது எதிரில் நிற்பதாக வைத்துக்கொள், என்ன சொல்வாய் என்று கேட்டார். தடுமாறினேன். அவரே சொல்லிக்கொடுத்து, நாலு தரம் சொல்லவைத்தார். ‘யெஸ் மேடம், வீ கேன் புட் யூ அப். கிரவுண்ட் ஃப்ளோர், நோ ஸ்டெப்ஸ்.’ கைத்தடியோ வாக்கரோ பிடித்துக்கொண்டு எங்கள் லாட்ஜ் வாசலுக்கு யார் வந்தாலும், கீழே அறை இருந்தால், அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே இப்போது நான் இதைச் சொல்லிவிடுகிறேன்.